சத்தியத்தில் விடுபட்ட ஒயின்

1

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் கிடைக்கும். குழம்பு இறங்கியதும் அதன் பக்கத்தில் நிற்கும் தகுதி எந்த ஒயினுக்கு உண்டு என்று என் மகள் ஜெனி நேர்முகத் தேர்வு நடத்துவாள். மேசையில் கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைப்பாள், சுழற்றுவாள், மறுபடி நுழைப்பாள். நானும் என் கணவரும் கை கழுவிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்போம்.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. என் கணவர் மருத்துவமனையில் செவிலியர். தூத்துக்குடியில் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்த நான், இங்கே பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். குடியேற்ற அலுவலகம் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டதால், ஊரில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அவர் இருந்திருந்தால் பதில் சொல்லிச் சொல்லியே களைத்திருப்பார்.

ஜெனி ஒயின் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று சொல்லும் தொழிலுக்குப் படிக்கவும் செய்கிறாள். மணமுள்ள வெள்ளை ஒயின்கள்தான் நம் சமையலுக்குப் பொருந்தும் என்பது அவள் கட்சி. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் அதை அடக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பைப் புளிப்பு அறுக்கும். புளிக்குழம்பென்றால் ஒயினின் புளிப்பு குழம்பின் புளிப்புக்குக் குறையக் கூடாது. இதுவரை எனக்கும் புரிகிறது.

அதற்கு மேல் அவள் சொல்வதுதான் என் தொழில் புத்தியைச் சீண்டுகிறது. ஈரமான கற்பலகை, வெட்டிய புல், எலுமிச்சைத் தோலின் உட்புறம், தேன்கூட்டின் மெழுகு. ஒரே பாட்டிலில் இத்தனையும் இருக்கிறதாம். செய்தி மேசையில் ஒரு நிருபர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு "ஒயின் நன்றாக இருந்தது" என்று போட்டிருப்பேன். அதையும் இடமிருந்தால்தான்.

2

வந்த புதிதில் ஒரு ஜெர்மன் தம்பதியை வீட்டுக்கு அழைத்திருந்தோம். அவர்கள் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்தார்கள். நாங்கள் முறையாகத்தான் உபசரித்தோம். தட்டில் வறுத்த கடலை, வெங்காயம், அவித்த முட்டை. பிரியாணி குசினியில் மூடியே இருந்தது. பாட்டில் தீரட்டும், சோற்றை எடுக்கலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். சோறு வரட்டும், பாட்டிலைத் திறக்கலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். கடலை தீர்ந்தது. வானிலை பற்றிப் பேசவேண்டியதை எல்லாம் பேசி முடித்தோம். கடைசியில் அந்த அம்மாள், சமைக்க ஏதாவது உதவி வேண்டுமா என்று இரக்கத்தோடு கேட்டார்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இதில் எங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டார்கள். குடி முதலில், சோறு பிறகு. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கக் கூடாது. தூத்துக்குடியில் நான் பார்த்து வளர்ந்த அத்தனை கல்யாண வீட்டிலும் ஆண்கள் பின்பக்கம், மொட்டை மாடி, காம்பவுண்டுச் சுவரோரம் என்று எங்காவது மறைந்து, மிக்சரைக் கொறித்தபடி, வெறும் வயிற்றில் காரியத்தை முடித்துக்கொண்டுதான் பந்திக்கு வருவார்கள். வருகிற நிலையில் இருந்தவர்கள் வருவார்கள். சாப்பாட்டில் ருசி எப்படி என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. பெண்களிடமும் கேட்க முடியாது. அவர்கள் பரிமாறிக்கொண்டிருப்பார்கள்.

ஒயின் என்ற பொருள் எங்களுக்குத் தெரியாததல்ல. கடற்கரைக் கத்தோலிக்கர்களான எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். பூசையில் குருவானவர் குடிப்பது. அது குடியில் சேராது.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் இந்தக் கட்டுரை.

3

என் அண்ணன் தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கிறார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று சாமான் ஏற்றிவிடும் தொழில். நல்ல மனிதர். பிற்பகலில் பாட்டிலைத் திறக்கும் வரை இன்னும் நல்ல மனிதராக இருந்தார். மதினியின் அப்பாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில், சவப்பெட்டிக்கு முந்திக்கொண்டு அவர் குழிக்குள் இறங்கப் பார்த்தார். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். குருவானவர் செபத்தை நிறுத்தவில்லை. மதினி அன்று அப்பாவுக்காக அழுததாக ஊர் நினைத்துக்கொண்டது.

அந்த வருடத் திருவிழாவில் மதினி, குருவானவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவரை மாதா பீடத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார். பொத்தாம்பொதுவாக "குடிக்க மாட்டேன்" என்று சொல்லவிடவில்லை. அப்படிச் சொன்னவர்கள் பீர் குடியில்லை என்று மறுமாதமே கண்டுபிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விடவேண்டும். மதினி சொல்லச் சொல்ல அண்ணன் திருப்பிச் சொன்னார்: பிராந்தி, ரம், விஸ்கி, பீர், ஜின், வோட்கா, கள்ளு, சாராயம். அடுத்து மதினி "ஒயின்" என்றதும் குருவானவர் இருமினார்.

"அது பீடத்துல வைக்கிற பொருள்மா. ஆண்டவரோட ரத்தமா மாறுறது. அத வேண்டாம்னு பீடத்துக்கு முன்னாலயே நின்னு சொல்லக் கூடாது."

மதினி ஒயினை விட்டுவிட்டார். தூத்துக்குடியில் யார் ஒயின் குடிக்கப்போகிறார்கள்?

மூன்று வருடம் அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றினார். மதினியின் முகத்தில் சதை பிடித்தது. வீடியோ அழைப்பில் அவர் சிரித்துப் பேசுவதை நான் முதல்முறையாகப் பார்த்தது அந்த மூன்று வருடத்தில்தான். அவர்களுடைய கல்யாணத்தின் வெள்ளிவிழாவுக்கு நாங்கள் வருவதாகச் சொன்னதும் அண்ணன் ஜெனியை அழைத்தார். இத்தனை வருடத்தில் எங்கள் வாழ்க்கையைப் பற்றி, அங்கே குளிருமா என்பதைத் தவிர எதுவும் கேட்காத அண்ணன்.

"ஏளா ஜெனி, நீ என்னமோ சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் பொருத்தம் பாக்கியாமே? அத்த சமையலுக்கு எது சேரும்னு கொண்டுவந்து காட்டுளா. மாமாவும் படிச்சுக்கிடுதேன்."

ஜெனிக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத்தில் முதல்முறையாக ஒருவர் அவள் தொழிலை மதித்துக் கேட்டிருக்கிறார். நான் போனை வாங்கினேன்.

"அண்ணே, சத்தியம்?"

"நான் மாதாகிட்ட சொன்னதுல ஒயின் இருக்கா? நீ பத்திரிகைல இருந்தவதான, சரியா சொல்லு."

சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும், சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. இது என் தொழிலின் முதல் பாடம். அதை அண்ணன் எனக்கே கற்பித்தார்.

4

பாட்டில்களைப் பற்றி இரண்டு நாடுகளுக்கும் தனித்தனிக் கவலை. ஜெர்மனியில் குடித்த பிறகு. காலிப் பாட்டில் போடும் தெருத் தொட்டியில் பச்சைக் கண்ணாடி பச்சைத் துளையில், வெள்ளை வெள்ளைத் துளையில், ஞாயிற்றுக்கிழமை எதிலும் போடக் கூடாது. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். இந்தியாவில் குடிக்கும் முன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எங்கள் நான்கு பாட்டில்களையும் மேசையில் நிறுத்திவைத்து நிதானமாகப் பார்த்தார்.

"என்னதும்மா இது, வெள்ளையா இருக்கு?"

"ஒயின் சார்."

"ஒயின் சிவப்பால்ல இருக்கும்?"

ஜெனி அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். பன்னீர் ரோஜா, லிச்சிப்பழம், மலைச்சரிவு. அவர் ஒரு கட்டத்தில் கையை உயர்த்தி, "சரி சரி, அளவுக்குள்ளதான் இருக்கு, போங்க" என்றார். வரிசை எங்களுக்குப் பின்னால் வெகுதூரம் நீண்டிருந்தது. அறிவைப் பரப்புவதில் என் மகளுக்கு இடம், பொருள், ஏவல் கிடையாது.

5

விருந்து மதியத்துக்கு. மதினி விடியற்காலையிலேயே குசினிக்குள் போய்விட்டார். அவருடைய கல்யாண நாள், அவர்தான் சமைக்க வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் முரணாக நினைப்பதில்லை. நண்டு மசாலா, தேங்காய் அரைத்துவிட்ட சீலாமீன் குழம்பு, வறுத்தரைத்த ஆட்டுக்கறி, நெய்ச்சோறு. இனிப்புக்கு முதலூரிலிருந்து மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் செய்த அல்வா, பெட்டியைத் திறந்தாலே விரலில் எண்ணெய் ஒட்டும்.

ஜெனி ஒவ்வொரு பாட்டிலையும் காட்டி அத்தைக்கு விளக்கினாள். ஜெர்மன் மொழியில் யோசித்துத் தமிழில் பேசுவாள். அதனால் அவளுடைய வாக்கியங்கள் சுங்கச் சோதனை முடிந்து வருவதுபோல் தாமதமாக வரும்.

"நண்டுக்கு இது அத்த, கொஞ்சம் இனிப்பு. மீன் குழம்புக்கு இது. வயசான ரீஸ்லிங். இதுல ரொம்ப உயர்ந்த ஒரு வாசனை இருக்கு. மண்ணெண்ணெய்."

மதினி கரண்டியை நிறுத்தினார். "என்ன எண்ணெய்?"

"மண்ணெண்ணெய். அது வந்தாத்தான் நல்ல ஒயின்."

"ரேஷன்ல ஊத்துவாங்களே, அதா?"

"ஆமா!"

"அதுக்கா ஏளா அங்கன படிக்கப் போன?"

கறிக்கு ரோஜா மணமுள்ள கெவூர்ட்ஸ்ட்ராமினர். அந்தப் பெயரை மதினி ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அல்வாவுக்குக் கடைசியாகப் பறித்த திராட்சையில் செய்த மஸ்கட் என்ற இனிப்பு ஒயின். ஜெனி பாட்டில்களைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். மீன் வைத்திருந்த தட்டு அது. முகர்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றினாள்.

அவள் வெளியே போனதும் மதினியிடம் கேட்டேன்.

"அண்ணன் குடிக்கப் போறாரு. தெரியுமா மதினி?"

அவர் தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னார். "தெரியும் ஸ்டெல்லா. மூணு வருசமா அந்த ஓட்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவரு எப்பப் பாப்பாருன்னு."

"நான் ஜெனிகிட்ட சொல்லி எல்லாத்தையும் எடுத்து வச்சிரட்டுமா?"

"இன்னைக்கு எடுத்து வைப்ப. நாளைக்கு வேற எங்கயாவது வாங்குவாரு. ஒயின்ல தொடங்கினா பிராந்தில போய் நிக்க எத்தன நாளாகும்? எங்க அப்பாவுக்கு வெட்டுன குழிய இன்னும் கனவுல பாக்கேன் நான்." துருவி முடித்து மூடியைத் தட்டினார். "என் கண்ணு முன்னால குடிக்கட்டும். பாப்போம்."

6

ரொசாரியோ அண்ணாச்சி பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். அண்ணனின் கூட்டாளி, துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் வேலை பார்ப்பவர். தெரியாத விஷயம் என்று அவருக்கு ஒன்றுமில்லை. விருந்துக்கு வெளியாள் அவர் ஒருவர்தான். அண்ணனின் மகன் கப்பலில் இருக்கிறான்; என் கணவருக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை.

முன்னறையில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "எங்கல, ஏதோ ஜெர்மன் சரக்கு வந்திருக்காமே?"

அண்ணன் நண்டுக்கென்று ஒதுக்கிய பாட்டிலை எடுத்துவந்து அவர் முன் வைத்தார். மிக்சர் தட்டும் தானாக வந்து சேர்ந்தது. இந்தக் காரியத்தில் எங்கள் ஆண்களுக்கு யாரும் பரிமாற வேண்டியதில்லை. ஜெனி குசினியிலிருந்து வந்து பார்த்தபோது பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம்.

"மாமா! இது நண்டோட குடிக்கிறது!"

"அது சரி ஜெனி," என்றார் ரொசாரியோ அண்ணாச்சி, "நண்டு வந்ததும் சோறு வந்திருமே. சோறு வந்தா எவன் குடிப்பான்? அதுக்குள்ள முடிச்சிரணும்லா?"

"இல்ல அங்கிள், ஒரு வாய் சாப்பாடு, ஒரு வாய் ஒயின்."

"இது என்ன மருந்தா, சாப்பாட்டோட சாப்பிட?" அவர் மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார். "செத்த வீட்டு மாலை மாதிரி மணக்கு. ஆனா ஏறல. சேவியரு, நீ என்ன உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க?"

அண்ணன் மிக்சரில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நான் சாப்பாட்டோடதான். முறையா." குரலில் பக்தி இருந்தது. பார்வை காலிப் பாட்டிலில் இருந்தது.

என் மகளின் பல மாதத் திட்டத்தில் முதல் பொருத்தம் மிக்சரோடு முடிந்தது. நண்டு தனியாக, விதவைபோல, மேசைக்கு வந்தது.

7

மேசையில் ஆறு நாற்காலி. விருந்தாளிகள் இருக்கும்போது மதினி அவற்றில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் இடம் குசினி வாசல். எந்தத் தட்டில் சோறு குறைகிறது என்று அங்கிருந்து தெரியும்.

நண்டு முடிந்தது. ஜெனி இரண்டாவது பாட்டிலைத் திறந்து நான்கு கிண்ணங்களில் ஊற்றினாள். எனக்கு, அவளுக்கு, ரொசாரியோ அண்ணாச்சிக்கு, அண்ணனுக்கு. அண்ணன் கிண்ணத்தின் காலைப் பிடித்துச் சுழற்றினார். ஜெனி போனில் சொல்லிக் கொடுத்தது. நன்றாகவே பயிற்சி செய்திருந்தார். மூக்கருகே கொண்டுபோனார். மூன்று வருடம் கழித்து அந்த முகத்தில் வந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒயின் லேபிள் எழுதுகிறவர்களிடம் அதற்கு வார்த்தை இருக்கலாம்.

மதினி மீன் குழம்புச் சட்டியோடு வந்தார். சட்டியை மேசையில் வைத்தார். அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கையிலிருந்த கிண்ணத்தை, குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல, வாங்கிக்கொண்டார்.

"ஜெனி, இத சாப்பாட்டோடதான குடிக்கணும்?"

"ஆமா அத்த."

"சமைச்சவ நான். உப்பு புளி எனக்குத்தான தெரியும். நான் பாக்கேன், சேருதான்னு."

ரொசாரியோ அண்ணாச்சி பதறிவிட்டார். "மதினி, உங்களுக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?"

"ஏன் அண்ணாச்சி? நான் என்ன மாதாகிட்ட சத்தியமா பண்ணிருக்கேன்?"

ஒரு வாய் குடித்தார். கசாயம் குடிக்கிறவரின் முகம் அது. "மண்ணெண்ணெய்தான்" என்றார். மீனில் ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் புரட்டிச் சாப்பிட்டார். இன்னொரு வாய் குடித்தார்.

"இப்ப இல்ல," என்றார். "அந்த வாடை போயிட்டு. புளி கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

ஜெனி எழுந்தே விட்டாள். அவள் கடையில் விலையுயர்ந்த சட்டை போட்டவர்கள் கால்மணி நேரம் பேசியும் சொல்லாததை அத்தை சொல்லிவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். என் கண் அப்போது மதினி மேல் இல்லை. அண்ணன் மேல் இருந்தது. அவருடைய கை, கிண்ணம் இருந்த வடிவத்திலேயே மேசைமேல் விரிந்து கிடந்தது.

மதினி கிண்ணத்தைக் காலி செய்தார். அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வேணும்னா அடுத்த பாட்டில் இருக்கு. கறிக்கு. பேரு எனக்கு வாயில வரல. குடிங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா நீங்க ஒரு கிளாஸ் குடிச்சா நான் ஒரு கிளாஸ் குடிப்பேன். இன்னைக்கு மட்டுமில்ல. ரெண்டு பேரும் சேந்தே மாதா கோயிலுக்குப் போவோம், கல்லறைத் தோட்டத்துக்கும் சேந்தே போவோம். அங்கன நம்மள யாரு பிடிச்சு நிறுத்துதான்னு பாப்போம்."

ரொசாரியோ அண்ணாச்சி தன் கிண்ணத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார்.

"கறி உள்ள அடுப்புல இருக்கு," என்றார் மதினி. "நான் எந்திரிக்க மாட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த அறையிலிருந்து இரண்டு வழி. இடப்பக்கம் தெருவாசல். அந்தத் தெருவின் முனையில் என்ன கடை இருக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வலப்பக்கம் குசினி. அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். ஜெனி என் கையைப் பிடித்தாள். அத்தையின் பேச்சில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். முள்ளில்லாத துண்டு அது.

குசினியில் ஏதோ ஒரு மூடி தரையில் விழுந்து வெகுநேரம் சுற்றி அடங்கியது. பிறகு அண்ணன் வந்தார். கறியை ரசம் ஊற்றும் சட்டியில் எடுத்து, சோற்றுக் கரண்டியைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மதினியின் தட்டில் நெய்ச்சோற்றைத் தள்ளி, அதன்மேல் கறியைக் கொட்டினார். மூன்று பேர் சாப்பிடுகிற அளவு.

"போதும்," என்றார் மதினி.

ஜெனி மூன்றாவது பாட்டிலைத் திறந்துவிட்டாள். அறை முழுக்க ரோஜா மணம். ஊற்றாமல், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

அண்ணன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒன் அத்தைக்கே ஊத்துளா," என்றார். "எனக்குத் தண்ணி போதும்."

மதினி கிண்ணத்தை நீட்டினார். ஜெனி ஊற்றினாள். மதினி மறு கையால், அண்ணன் தள்ளிவிட்டுப் போன நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார்.